தடிமன் காய்ச்சலின் மாறும் முகம்

1947 ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவியது. யாரும் பெரிதாகக் கலங்கவில்லை. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடப்பட்டிருந்தது; ஏழாயிரத்துச் சொச்சம் பேர் போடாதிருந்தனர். காய்ச்சல் ஓய்ந்தபின் கணக்கெடுத்தார்கள். ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு எட்டுப்பேர் நோயில் விழுந்திருந்தனர். ஊசி போட்டவர்களிலும் நூற்றுக்கு ஏழுபேர் விழுந்திருந்தனர். ஊசி போட்டதும் போடாததும் ஏறக்குறைய ஒன்றே என்றாயிற்று.

ஏறக்குறைய இதே ஊசிதான் 1943இல் அமெரிக்க இராணுவத்தினரிடையே பரிசோதிக்கப்பட்டது. அப்போது சுமார் 12,000 பேரில் ஒரு பாதியினருக்கு ஊசி போட்டு மறு பாதியினரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போடாதவர்களில் நூற்றுக்கு ஏழுபேருக்கும் போட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் மாத்திரமே காய்ச்சல் வந்தது. இரண்டு ஆய்வுகளுக்கும் தலைமை வகித்தவர் தோமஸ் பிரான்சிஸ். அவருடன் பணியாற்றிய இளைஞர், பின்னாளில் போலியோத் தடுப்பூசியால் உலகப் புகழ்பெற்ற ஜோனாஸ் சால்க். வெற்றியைக் கண்ட அதே கைகள்தான் நான்கு வருடங்களின்பின் தோல்வியையும் எண்ணிப் பதிவுசெய்தன.

மருந்து பழுதாகிப்போகவில்லை. ஊசி போட்டவர்களின் இரத்தத்தில் பழைய வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள், அதாவது இங்குள்ள டொக்டர்மார் 'அன்ரிபொடி' என்று சொல்பவை, வேண்டிய அளவு இருந்தன. பிரச்சினை என்னவெனில், வந்தது பழைய வைரசு அல்ல.

"போன வருசமும் போட்டதுதானே, பிறகேன் இந்த வருசமும்?" என்ற கேள்வி ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் நம்மவர் வீடுகளில், விசேடமாக வயதானவர்களிடமிருந்து எழுகின்றது. நியாயமான கேள்வி. அம்மைப்பாலைப் பிள்ளைப்பருவத்தில் குத்தினால் காலத்துக்கும் தழும்பு போதும் என்றிருந்த தலைமுறை அது. சின்னமுத்து ஒருதடவை வந்தால் மறுதடவை வராது என்பதும் அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். தடிமன் காய்ச்சல் மாத்திரம் ஏன் இந்த விதிக்குள் அடங்குவதில்லை? இக்கேள்விக்கு மனிதர் பதில் கண்ட வரலாற்றையும், அப்பதில் நம்மேல் சுமத்தும் பொறுப்பையும் இங்கு பேச முனைகின்றோம்.

* * *

1918-19 இல் உலகைச் சூறையாடிய இன்புளுவென்சா சுமார் ஐந்து கோடிப்பேரைக் கொன்றிருக்கலாம் என்று கணிக்கப்படுகின்றது. முதலாம் உலக யுத்தத்தில் இறந்த படைவீரர்களின் தொகையைவிட இது பன்மடங்கு அதிகம். அவ்வளவு பேரையும் கொன்றது எது என்பது அன்று எவருக்கும் தெரியாது. 1892இல் யேர்மானிய மருத்துவர் ரிச்சாட் பைபர் கண்டுபிடித்த ஒரு பற்றீரியாவே காரணமென்று பலரும் நம்பினர். அது தவறு. உண்மையான குற்றவாளி அன்றைய நுணுக்குக்காட்டிகளுக்கு அகப்படாத அளவு சிறியது.

1933இல்தான் அது பிடிபட்டது. லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்தோபர் ஆன்ட்ரூஸ், பற்றிக் லெயிட்லோ ஆகிய மூவரும் நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரைப் பற்றீரியா புகாதபடி வடித்து, ஃபெரற் என்னும் விலங்கின் மூக்கினுள் விட்டனர். கீரிப்பிள்ளையை ஒத்த தோற்றமுடைய இந்தச் சிறு பிராணி மனிதரைப் போலவே தும்மி, மூக்கொழுகி, காய்ச்சலில் படுத்தது. 1936இல் நோயுற்ற ஃபெரற் ஒன்று ஆய்வாளர் ஒருவரின் முகத்துக்கு நேரே தும்ம, இரண்டு நாளில் அவரும் படுத்துவிட்டார். மனிதனிலிருந்து விலங்குக்கும் விலங்கிலிருந்து மனிதனுக்கும் நோயைக் கொண்டுசெல்வது ஒரே வைரசுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் தேவைப்படவில்லை.

அந்த முதல் ஆய்விலேயே இன்னொன்றும் தெரியவந்தது. நோயிலிருந்து தேறிய ஃபெரற்றின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரை வைரசுடன் கலந்தால் வைரசு வலுவிழந்துவிடும். உடல் ஒருதடவை கண்ட நோயை நினைவில் வைத்திருக்கின்றது; அந்த நினைவு பிறபொருளெதிரிகளின் உருவில் இரத்தத்தில் ஓடுகின்றது. இதையே நிர்ப்பீடனம் என்கிறோம். இனித் தடுப்பூசி செய்வது எளிதென்று தோன்றியதில் வியப்பில்லை. அவுஸ்திரேலியாவில் மக்ஃபார்லேன் பேர்னற் கோழிமுட்டைக் கருவில் வைரசை வளர்க்க வழிகண்டார். ஊசிக்கு வேண்டிய வைரசை முட்டைகளில் பெருக்கலாம் என்றாயிற்று. இன்றும் உலகின் பெரும்பாலான இன்புளுவென்சாத் தடுப்பூசிகள் முட்டையிலேயே தயாராகின்றன.

1941இல் அளவுகோலும் கிடைத்தது. அமெரிக்காவில் ஜோர்ஜ் ஹேர்ஸ்ற்றும், ரொறொன்ரோவில் லொறெல்லா மக்கிளெலண்ட், றொனால்ட் ஹெயர் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரே விடயத்தைக் கவனித்தனர். கோழிக்குருதியின் செங்கலங்களோடு இவ்வைரசைக் கலந்தால் செங்கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. தக்க பிறபொருளெதிரி இருந்தால் இந்தத் திரட்சி நிகழாது. ஒருவருடைய இரத்தத் தெளிநீர் எந்த வைரசை எவ்வளவு தூரம் அடையாளம் காண்கின்றது என்பதை இனி ஒரு சோதனைக்குழாயிலேயே அளந்துவிடலாம். மிக எளிய சோதனை. இன்றுவரை வழக்கிலிருப்பது.

வைரசு எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இருப்பதில்லை என்ற ஐயம் முன்னரே இருந்தது. 1934இல் புவர்ட்டோ றிக்கோவிலிருந்து பிரான்சிஸ் பிரித்தெடுத்த வைரசுக்கும் லண்டன் வைரசுக்குமிடையே சிறு வேறுபாடுகள் 1936இலேயே பதிவாகியிருந்தன. ஆனால் வேறுபாடு இருப்பது ஒன்று. அது ஒரு நல்ல தடுப்பூசியைச் செல்லாக்காசாக்கும் அளவுக்குப் பெரிதாவது வேறொன்று. இரண்டாவதைக் கற்பித்தது 1947. நியூ ஜேர்சியிலுள்ள இராணுவ முகாமொன்றில் அவ்வருடம் பிடிபட்ட வைரசைப் புதிய அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது, பழைய ஊசியால் உண்டான பிறபொருளெதிரிகள் அதை அரைகுறையாகவே அடையாளம் கண்டன. அவுஸ்திரேலியாவில் அதற்கு முந்திய வருடமே இதன் உறவினன் ஒன்று பிடிபட்டிருந்தது. உலகின் ஒரு மூலையில் ஆய்வுகூடமொன்றின் குளிர்ப்பெட்டிக்குள் இருந்த செய்தி மறு மூலைக்குப் போய்ச் சேரவில்லை.

* * *

வைரசு எவ்வாறு இதைச் செய்கின்றது? விளக்கம் முழுமைபெற மேலும் முப்பது வருடங்கள் சென்றன.

இன்புளுவென்சா வைரசின் மேற்பரப்பெங்கும் முட்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இவற்றிற் பெரும்பாலானவை, செங்கலங்களைத் திரட்டும் புரதத்தாலானவை. முட்புரதம் என்றே இங்கு சொல்லிக்கொள்வோம். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் சிறு குழி உண்டு. நமது மூச்சுக்குழாய்க் கலங்களின் மேலிருக்கும் ஒருவகைச் சர்க்கரை மூலக்கூறு அந்தக் குழியில் பொருந்தினால்தான் வைரசு கலத்தினுள் நுழைய முடியும். பிறபொருளெதிரி செய்வது, முள்ளின் நுனியில் போய் அமர்ந்து இந்தப் பொருத்தத்தை மறிப்பதே. அமர்வதற்கு அது முள்ளின் வடிவத்தைச் சரியாக அடையாளம் காணவேண்டும்.

1981இல் அமெரிக்காவின் ஹார்வாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் வில்சன், டொன் வைலி ஆகியோரும் லண்டன் மில்ஹில் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜோன் ஸ்கெகலும் இந்த முட்புரதத்தின் வடிவத்தை அணுவணுவாக வரைந்து வெளியிட்டனர். 1968 முதல் பரவிவந்த வைரசுகளில் எந்தெந்த இடங்கள் மாறியிருந்தன என்பதை அந்த வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது விடயம் விளங்கியது. குழி மாறவில்லை, மாறினால் வைரசு எந்தக் கலத்தினுள்ளும் நுழைய முடியாமல் அழிந்துபோகும். மாறியவை குழியைச் சுற்றியிருந்த மேடுகளும் விளிம்புகளும். பிறபொருளெதிரி அந்தச் சிறு குழியைவிடப் பருமனானது. அது குழியை மூட வேண்டுமானால் விளிம்பையும் பற்றியாக வேண்டும். விளிம்பு மாறினால் பிடி நழுவிவிடும். கிணற்றுக்கட்டை எத்தனை தடவை இடித்துக் கட்டினாலும் கிணறும் நீரும் அப்படியே இருப்பதைப்போல, வைரசு தன் பிழைப்புக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு சுற்றுக்கட்டை மாத்திரம் மாற்றிக்கொள்கின்றது. 1968 முதல் 2003 வரை இவ்வைரசு எடுத்த பெரிய திருப்பங்கள் யாவும் குழிக்கு அருகிலுள்ள ஏழே ஏழு இடங்களில் ஏற்பட்ட மாற்றங்களால் வந்தவை என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

'மாற்றிக்கொள்கின்றது' என்று நாம் எழுதுவது பேச்சு வசதிக்காக. வைரசுக்கு மூளை இல்லை, நோக்கமும் இல்லை. அதன் பரம்பரைச் செய்தி சுமார் 13,500 எழுத்துகளில் அடங்கும் ஓர் ஆர்என்ஏ. அதைப் பிரதியெடுக்கும் பொறி தன் பிழையைத் திருத்தத் தெரியாதது. அச்சுக்கோர்ப்பவரும் நானே, ஒப்புநோக்குபவர் எவருமில்லை என்ற நிலை. ஆகவே எடுக்கப்படும் பிரதிகளிற் கணிசமானவற்றில் எங்காவது ஓர் எழுத்து பிசகியிருக்கும். இப்பிசகையே விகாரம் என்கிறோம். பெரும்பாலான விகாரங்கள் வைரசுக்கே கேடு. சில, ஒன்றும் செய்யா. மிகச் சில, முட்புரதத்தின் விளிம்பைச் சற்றே மாற்றிவிடும்.

இந்த 'மிகச் சில' எவ்வளவு என்பதையும் அளந்தார்கள். 1970களின் இறுதியில் பிலடெல்பியாவில் வோல்ற்றர் கேர்காட்டும் அவருடைய சகாக்களும் ஒரேயொரு வகைப் பிறபொருளெதிரியை வைரசுக் கூட்டத்தோடு கலந்துபார்த்தனர். ஏறத்தாழ இலட்சத்துக்கு ஒரு வைரசு அதற்குத் தப்பிக்கொண்டது. வெவ்வேறு இடங்களைப் பற்றும் இரண்டு வகைகளைச் சேர்த்துக் கலந்தாலோ, ஒரே வைரசில் இரண்டு பிசகும் ஒருங்கே அமைந்திருக்க வேண்டும். இலட்சத்தை இலட்சத்தால் பெருக்கினால் வரும் தொகையில் ஒன்றே அப்படி அமையும். எனவே வைரசு ஒரே பாய்ச்சலில் தப்புவதில்லை. ஒரு மனிதரின் அரைகுறை எதிர்ப்பில் ஒரு படி, இன்னொருவரின் அரைகுறை எதிர்ப்பில் மறுபடி என்று ஊரூராக நகர்ந்து செல்கின்றது.

இங்குதான் நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கின்றது. விகாரம் குருட்டுத்தனமாக முதலில் நிகழ்கின்றது. பின்னர் நமது நிர்ப்பீடனம் அரிதட்டைப்போல நின்று பழைய உருவங்களை மறித்து, மாறியவற்றை மாத்திரம் அப்பால் விடுகின்றது. எவருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் விளிம்பை மாற்றிய வைரசுக்குத் தனியான அனுகூலம் எதுவுமில்லை. எதிர்ப்புள்ள ஊரில்தான் அதற்கு அனுகூலம். சென்ற வருடம் நமக்கெல்லாம் காய்ச்சல் வந்து தேறிய காரணத்தாலேயே இந்த வருடத்து வைரசு வேறு முகத்தோடு வருகின்றது. அதன் முகத்தைச் செதுக்குவதில் நம் எல்லோருடைய இரத்தத்துக்கும் பங்குண்டு.

* * *

1947இன் பாடத்தை உலகம் வழமைக்கு மாறாக விரைவாகவே கற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் முறைப்படி பிறப்பதற்கு முன்னரே, அதன் இடைக்கால ஆணைக்குழு இன்புளுவென்சாவுக்கென ஓர் உலக நிலையத்தை அமைக்கத் தீர்மானித்தது. 1948இல் அது லண்டனில் ஆன்ட்ரூசின் பொறுப்பில் இயங்கத் தொடங்கியது. 1952இல் நாடுகள்தோறும் ஆய்வுகூடங்களை இணைக்கும் வலையமைப்பாக விரிந்தது. வைரசு எங்கே முகம் மாறினாலும் அதைப் பிடித்து, ஒப்பிட்டு, எல்லோருக்கும் அறிவிப்பதே இதன் வேலை.

முதற் பெரும் பரீட்சை 1957இல் வந்தது. ஏப்பிரல் 17ஆம் திகதி நியூயோர்க் பத்திரிகையொன்றில் ஹொங்கொங்கில் காய்ச்சலால் மக்கள் ஆயிரக்கணக்கில் வைத்தியசாலைகளை மொய்க்கிறார்கள் என்ற செய்தி வந்தது. வாஷிங்டனில் இராணுவ ஆய்வகத்தில் பணியாற்றிய மொறிஸ் ஹில்மன் அதை வாசித்துவிட்டு, யப்பானிலிருந்த அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவரின் தொண்டை கழுவிய நீரைத் தருவித்தார். அதிலிருந்த வைரசைப் பலருடைய இரத்தத் தெளிநீரோடு சோதித்தார். எவருடைய இரத்தத்துக்கும் அதைத் தெரியவில்லை. இது விளிம்பு மாறிய பழைய வைரசு அல்ல, முள்ளே புதிது.

எழுபது வயதைத் தாண்டிய சிலர் மாத்திரம் விதிவிலக்காயிருந்தனர். அவர்களுடைய இரத்தத்தில் இந்தப் 'புதிய' வைரசை அடையாளம் காணும் பிறபொருளெதிரிகள் ஏற்கனவே இருந்தன. நெதர்லாந்தின் லைடன் நகரில் முல்டர், மசுறெல் ஆகிய இருவரும் 1958இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரியவந்தது. 1889-90 இல் உலகைச் சுற்றிவந்த காய்ச்சலின்போது குழந்தைகளாக இருந்தவர்கள் அவர்கள். அக்காய்ச்சலின் வைரசை எவரும் பிடித்துவைக்கவில்லை. பிடிக்கும் வழியும் அன்றிருக்கவில்லை. அறுபத்தேழு வருடங்களாக அந்த முதியோரின் இரத்தத்தில் மாத்திரம் அதன் சாயல் எழுதப்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் அதைக் கொண்டே, எழுதாத வரலாறொன்றை வாசித்தார்கள்.

புதிய முள் எங்கிருந்து வந்தது? இன்புளுவென்சாவின் பரம்பரைச் செய்தி ஒரே இழையாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாக இருக்கின்றது. மனித வைரசும் பறவை வைரசும் ஒரே கலத்தினுள் தற்செயலாகச் சந்தித்தால், இரண்டு சீட்டுக்கட்டுகளைச் சேர்த்துக் குலுக்கியது போலத் துண்டுகள் கலந்துவிடும். 1957இல் நடந்தது அதுவே. 1968இல் ஹொங்கொங்கிலிருந்து பரவிய காய்ச்சலிலும் அதுவே மீண்டும் நடந்தது. விளிம்பு தேய்ந்து மாறுவது வருடாவருடம் நிகழ்வது. முள்ளே மாறுவது எப்போதோ ஒருமுறை. ஆனால் வந்தால் உலகமே படுக்கும்.

இக்காய்ச்சல் இந்தியாவுக்குக் கடல்வழியே வந்தது. 1957 மே மாதத்தின் நடுப்பகுதியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த கப்பலொன்றில் பயணிகள் பலர் காய்ச்சலுடன் இருந்தனர். தோட்டக் கூலிகளும் வணிகர்களும் குடும்பங்களும் தலைமுறைகளாகப் போய்வந்த அந்தக் கடல்வழியில் இம்முறை வைரசும் வந்திறங்கியது. நீலகிரி மலையில் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையம் அப்போது உலக வலையமைப்பின் தென்னிந்தியக் கண்ணாக இயங்கியது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் இன்புளுவென்சா எவ்வாறு பரவியது என்பதைப் பின்னர் விரிவாக எழுதியவர் அங்கு இன்புளுவென்சாப் பிரிவின் பொறுப்பிலிருந்த ஐ. ஜி. கே. மேனன். 1958 பெப்ரவரிவரை இந்தியாவில் பதிவான நோயாளர் தொகை 44 இலட்சத்துக்கு மேல். மரணம் ஆயிரத்துச் சொச்சம். பதிவேட்டுக்கு வராமலே போனவர்கள் இதில் சேரவில்லை.

* * *

1950களில் பிரான்சிசும் அவருடைய சகாக்களும் வெவ்வேறு வயதினரின் இரத்தத்தைச் சேகரித்து, பல வருடத்து வைரசுகளோடு சோதித்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டனர். எவருடைய இரத்தத்திலும் மிகுதியாக இருந்தவை, அவர் குழந்தையாக இருந்தபோது பரவிய வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகளே. பிற்பாடு வேறு உருவங்கள் வந்து தொற்றினாலும், புதிய ஊசி போட்டாலும், உடல் முதலில் உரத்து எழுப்புவது பழைய நினைவைத்தான். 1960இல் எழுதிய கட்டுரையில் பிரான்சிஸ் இதற்கு, கிறிஸ்தவ வேதத்திலுள்ள சென்மபாவத்தை நினைவூட்டும் ஒரு பெயரையே சூட்டினார். பிறப்போடு வந்து காலம்பூராவும் கழியாமல் நிற்பது என்ற பொருளில்.

இந்த முதல் நினைவு சில சமயம் கேடு செய்யும். புதிய உருவத்துக்குச் சரியாகப் பொருந்தும் பிறபொருளெதிரிகளை ஆக்குவதற்குப் பதிலாக, பாதி பொருந்தும் பழையவற்றையே உடல் திரும்பத் திரும்ப ஆக்கிக்கொண்டிருக்கும். எதிரி நேற்று வந்த உடுப்போடுதான் இன்றும் வருவான் என்று காவலிருப்பவனின் கதை இது. இதற்கு உவமை தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

ஆயினும் முதல் நினைவு காக்கவும் செய்யும். 1977இல் வட சீனாவிலும் பின்னர் சோவியத் ஒன்றியத்திலும் தோன்றிப் பரவிய காய்ச்சல், பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களையே தாக்கியது. ஆராய்ந்தபோது அந்த வைரசு 1950ஆம் ஆண்டளவில் பரவியதன் அச்சொட்டான பிரதியாக இருந்தது. மனிதரிடையே இருபத்தேழு வருடம் சுற்றித்திரிந்த வைரசு மாறாமலிருப்பது நடவாத காரியம். அது எங்கோ ஓர் ஆய்வுகூடத்தின் குளிரில் உறங்கிக் கிடந்து, தடுப்பூசிப் பரிசோதனை மூலமோ வேறு வழியாலோ வெளியேறியிருக்க வேண்டும் என்பதே பலரும் ஏற்றுக்கொண்ட முடிவு. 1950களில் அதைக் கண்டிருந்த மூத்தவர்கள் தப்பினார்கள். அதன்பின் பிறந்தவர்கள் படுத்தார்கள். 2009இல் பன்றிகளிலிருந்து வந்த வைரசு உலகெங்கும் பரவியபோதும் முதியவர்களிற் பலர் நோயில் விழாமல் தப்பினர். 1918இன் சந்ததியைச் சேர்ந்த வைரசுகளைச் சிறுவயதில் கண்டவர்கள் அவர்கள். நமது பிறந்த வருடம் கடவுச்சீட்டில் மாத்திரமல்ல, இரத்தத்திலும் பதிந்திருக்கின்றது.

* * *

இப்போது தொடக்கத்திலிருந்த கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு வருடமும் பெப்ரவரியில் வட கோளத்துக்கும் செப்டெம்பரில் தென் கோளத்துக்குமாக, அடுத்த பருவத்து ஊசியில் எந்த வைரசுகளைச் சேர்ப்பதென்று உலக சுகாதார நிறுவனம் கூட்டும் நிபுணர்கள் முடிவுசெய்கின்றனர். ஊசி தயாராக ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். ஆகவே இது மழை வருமா என்று முன்கூட்டியே பார்த்து விதைப்பதைப் போன்றது. சில வருடங்களில் பிழைக்கும். 2014 பெப்ரவரியில் தெரிவு முடிந்தபின் வைரசுகளில் ஒன்று விளிம்பை மாற்றிக்கொண்டது; அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவில் ஊசி தந்த பாதுகாப்பு நூற்றுக்கு இருபதைக்கூட எட்டவில்லை. அதனால் ஊசி வீணென்று முடிவுகட்டுவது தவறு. முகம் பாதி தெரிந்தாலும் நோயின் உக்கிரம் குறைகின்றது. முதியவர்களுக்கும் நெஞ்சு, சுவாசப்பை வருத்தமுள்ளவர்களுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் வீட்டுக்கட்டிலுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அதுவாக இருக்கலாம். தவிரவும், நிர்ப்பீடனத்துக்குப் பிறபொருளெதிரி ஒரு கை மாத்திரமே. தொற்றுண்ட கலங்களைத் தேடியழிக்கும் வெண்கலங்கள் மற்றக் கை. அவை வைரசின் உள்ளுறுப்புகளையும் பார்த்து அடையாளம் காண்பவை. உள்ளுறுப்புகள் அவ்வளவு எளிதாக மாறுவதில்லை.

இந்தத் தெரிவு எல்லாமே நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் ஆய்வுகூடங்கள் அனுப்பும் மாதிரிகளில் தங்கியிருக்கின்றது. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையமும் அவற்றிலொன்று. லண்டனிலோ ஒஸ்லோவிலோ ரொறொன்ரோவிலோ நமக்குப் போடப்படும் ஊசியின் பின்னால், எங்கோ ஒரு வறிய நாட்டில் நோயாளியின் தொண்டையிலிருந்து பஞ்சில் எடுத்த சளி இருக்கின்றது. ஆனால் அதை அனுப்புபவர்களுக்குக் கிடைப்பது என்ன?

2007இல் இந்தோனேசியா இதை வெளிப்படையாகவே கேட்டது. பறவைக் காய்ச்சலால் தன் மக்கள் இறந்துகொண்டிருக்கையில் அது அனுப்பிய வைரசு மாதிரிகளைக்கொண்டு வெளிநாட்டில் தடுப்பூசி தயாரிக்க முயன்றார்கள். அந்த ஊசியை விலைகொடுத்து வாங்க இந்தோனேசியாவால் இயலாது. சுகாதார அமைச்சர் சித்தி பதிலா சுபாரி மாதிரிகள் அனுப்புவதை நிறுத்தினார். உலகத்தின் பாதுகாப்பைப் பணயம் வைக்கிறார் என்று அவரைக் கண்டித்தவர்கள் பலர். ஆயினும் அந்தப் பிடிவாதத்தின் விளைவாகவே, மாதிரி தருபவர்களுக்குத் தடுப்பூசியிலும் பங்குண்டு என்ற ஏற்பாட்டை 2011 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டது.

2021 நவம்பர் 24ஆம் திகதி தென்னாபிரிக்கா, கொரோனா வைரசின் புதிய உருவமொன்றை உலகுக்கு அறிவித்தது. அதன் முட்புரதத்தில் முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. முன்னைய தொற்றாலும் ஊசியாலும் உண்டான பிறபொருளெதிரிகளில் பெரும்பகுதி அதை அடையாளம் காணவில்லை. மருந்தாகக் கொடுக்கப்பட்டுவந்த செயற்கைப் பிறபொருளெதிரிகளில் பலவும் பயனற்றுப் போயின. இரண்டு நாட்களில் அதற்கு 'ஒமிக்ரோன்' என்று பெயரிட்டார்கள். அதே நாட்களில் பிரித்தானியா, ஐரோப்பிய நாடுகள், கனடா, அமெரிக்கா எனச் செல்வந்த நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென் ஆபிரிக்கப் பிரதேசத்திலிருந்து வருவோருக்குக் கதவைச் சாத்தின. நெதர்லாந்திலோ அந்த அறிவிப்புக்கு முன்னரே, நவம்பர் 19ஆம் திகதி எடுத்த மாதிரியிலேயே அவ்வைரசு இருந்தமை பின்னர் தெரியவந்தது. விழித்திருந்து கண்டுபிடித்துச் சொன்னவர்களே தண்டனை பெற்றார்கள். அடுத்த தடவை ஒரு வறிய நாட்டின் ஆய்வுகூடம் புதிய முகமொன்றைக் கண்டால், சொல்லலாமா விடலாமா என்று ஒரு நாளாவது தயங்காதா? அந்த ஒரு நாளின் விலை என்னவென்று கணக்கிட எவராலும் முடியாது.

1947இல் ஊசி தோற்றதற்கு வைரசின் மாற்றம் ஒரு காரணம். அவுஸ்திரேலியாவில் கண்டது அமெரிக்காவுக்குத் தெரியாமலிருந்தது மற்றக் காரணம். முதலாவதை நிறுத்த நம்மால் ஆகாது. நமது நிர்ப்பீடனம் உள்ளவரை வைரசும் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது மனிதர் கையிலுள்ள விடயம். அதற்காகக் கட்டப்பட்ட வலையமைப்பு எழுபது வருடங்களுக்கு மேலாக யுத்தங்களையும் பனிப்போரையும் தாண்டி இயங்கிவந்திருக்கின்றது. 2025 ஜனவரியில் அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகப்போவதாக அறிவித்தபோது ஆட்டங்கண்டது இந்த வலையமைப்பும்தான்.

நாம் வாழும் நாடுகளில் நமக்கு வாக்குரிமை இருக்கின்றது, வரி கட்டுகின்றோம், நமது பிள்ளைகள் இங்கு மருத்துவர்களாகவும் ஆய்வாளர்களாகவும் இருக்கிறார்கள். எல்லைகளில் சாத்தப்படும் கதவு எப்படியிருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். முதலில் சொன்ன நாட்டைத் தண்டிக்காதே, சளி தந்தவனுக்கு ஊசியும் கொடு என்று கேட்பதற்கு நம்மைவிடத் தகுதியானவர்கள் அதிகம் இல்லை. வீட்டிலுள்ள பெரியவர்களை ஊசிக்கு அழைத்துச் செல்லும்போது இதையும் அவர்களுக்குச் சொல்லலாம்.